தங்க வாட்சை எடைக்குப் போடாதீர்கள்: பழைய கலட்ராவா ஒன்றை விற்பது எப்படி?

பழைய தங்கக் கைக்கடிகாரத்தை விற்க வேண்டும் என்றவுடன் நம் ஊரில் பெரும்பாலோர் நகைக்கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே பின்மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் இயந்திரத்தை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கூட்டை மட்டும் தராசில் வைப்பார்கள். 18 காரட், இத்தனை கிராம், சேதாரம் போக இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வாட்ச் அன்றோடு முடிந்தது. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டபோது உலகெங்கும் பல நல்ல வாட்சுகள் இப்படித்தான் உருக்கும் உலைக்குள் போயின. இன்று தங்கம் அதைவிடப் பல மடங்கு விலையில் நிற்கிறது. ஆசை காட்டும் தொகையைக் கேட்டதும் கை நீட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில் நெடுங்காலமாக வாட்ச் சேகரிப்பவன். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வாட்ச் கட்டும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கை நடுங்கத் தொடங்குவதற்குள் ஒவ்வொன்றையும் அதன் அருமை தெரிந்தவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, முதலில் விற்றது என்னிடம் இருந்தவற்றில் மிகச் சிறந்ததை: சுவிஸ் நிறுவனமான பாடெக் பிலிப் செய்த கலட்ராவா வகை வாட்ச், ரெஃபரன்ஸ் (மாதிரி எண்) 96, மஞ்சள் தங்கம். கோவையில் மில் நடத்திய ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியது. அதை விற்ற விதத்தை வைத்தே வழிமுறையைச் சொல்கிறேன். ஒமேகா, வாஷெரோன், யுனிவர்சல் ஜெனீவ் என எந்தத் தங்க வாட்சுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ரெஃபரன்ஸ் 96 பற்றி இரண்டு வரி. டயல் தயாரித்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் பாடெக் பிலிப் நிறுவனத்தை வாங்கிய 1932ஆம் ஆண்டில்தான் இது வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல், 1973 வரை தயாரிப்பில் இருந்தது. குறுக்களவு சுமார் 31 மில்லிமீட்டர்தான். வட்டமான கூடு, ஆறு மணிக்கு மேல் சிறிய விநாடி வட்டம், வேறு எந்த அலங்காரமும் கிடையாது. இன்றைய பெரிய வாட்சுகளுக்குப் பழகியவர்கள் முதல் பார்வையில் பெண்கள் வாட்ச் என்று நினைப்பார்கள். தெரிந்தவர்கள் கையில் வாங்கியதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் விற்பது டயலை

இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் தங்கத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. அந்த வாட்ச் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்ற நம்பிக்கைக்குத்தான் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையில் பாதிக்கு மேல் டயலில் இருக்கிறது.

லூப் ஒன்று வாங்குங்கள், கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு போதும். காலை வெளிச்சத்தில் டயலைச் சற்றே சாய்த்துப் பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தக் காலக் கலட்ராவா டயல்களில் எழுத்து அச்சடிக்கப்பட்டதல்ல. தகட்டில் எழுத்தைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் கறுப்பு எனாமல் பொடியை நிரப்பி, சூளையில் சுட்டு, பிறகு தேய்த்து வழுவழுப்பாக்கி, மேலே வெள்ளி பூசியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு எழுத்தும் தகட்டுக்கு மேல் மயிரிழை அளவு எழும்பி, கண்ணாடிபோல மினுங்கும். நிமிடப் புள்ளிகளும் விநாடி வட்டத்தின் கோடுகளும் அப்படித்தான். யாராவது டயலைக் கழுவியிருந்தால் வெள்ளிப் பூச்சு போயிருக்கும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். ரசாயனத்தில் போட்டுத் தேய்த்து, மறுபடி அச்சடித்திருந்தால் எழுத்து தட்டையாகக் கிடக்கும். லூப்பில் மை லேசாகப் பரவியது தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1940களின் பிற்பகுதி வரை டயலில் 'பாடெக், பிலிப் அண்ட் கோ' என்று இருக்கும். அதன் பிறகே 'பாடெக் பிலிப்' என்று சுருங்கியது. இயந்திர எண்ணின்படி 1940களின் தொடக்கத்தைச் சேர்ந்த வாட்சில் சுருக்கப் பெயர் இருந்தால், அந்த டயல் பின்னாளில் சர்வீஸின்போது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது மோசடி அல்ல. ஆனால் விலை வேறு. என்னுடையதில் 'அண்ட் கோ' முழுமையாக இருந்தது. நான்கு மணிக்கு அருகே கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்றும் இருந்தது. சென்னைக் காற்றின் ஈரமும் உப்பும் செய்த வேலை.

அந்தப் புள்ளியைப் பார்த்து ஒரு கடைக்காரர், "சார், டயலைக் கழுவித் தரட்டுமா? புதிதுபோல ஆகிவிடும்" என்றார். வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பாரிமுனைப் பக்கம் என் வாட்சுகளை எப்போதும் பார்க்கும் பாயிடம் போனேன். அவர் லூப்பைக் கண்ணில் வைத்த நிலையிலேயே சொன்னார்: "இந்த எழுத்தைத் தொடாதீர்கள் சார். புள்ளி இருந்தால் ஆயிரம் பேர் வாங்குவார்கள். எழுத்து போனால் ஒருவரும் வாங்கமாட்டார்கள்." எத்தனையோ ஏலப் பட்டியல்களைப் படித்திருக்கிறேன், இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

இந்தியாவிலிருந்து விற்பவருக்கு இதில் கூடுதல் பாரம் ஒன்று இருக்கிறது. பழைய வாட்சுகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டிய டயல்களை மாட்டி விற்பது இங்கே பெரிய வியாபாரமாக நடந்துவந்திருக்கிறது. உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே வாட்ச் சென்னையில் இருக்கிறது என்றதும் வெளியூர்க்காரர் புருவத்தை உயர்த்துவார். கோபப்படாதீர்கள். அவர் கேட்பதற்கு முன்பே டயலின் நெருக்கமான படங்களைக் கொடுத்துவிடுங்கள்.

மெருகும் வேண்டாம், உரைகல்லும் வேண்டாம்

தங்கம் என்றாலே விற்பதற்கு முன் மெருகு போட வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். சங்கிலிக்கு அது சரி. வாட்சுக்கு அது கேடு. வாரைப் பிடித்திருக்கும் நான்கு கால்களின் விளிம்புகளும், கூட்டின் பக்கவாட்டுக் கோடும் கூர்மையாக இருந்தால்தான் மதிப்பு. மெருகுச் சக்கரத்தில் ஒரு முறை காட்டினாலே அந்தக் கூர்மை உருண்டு சோப்புபோல ஆகிவிடும். கூட்டில் வெளியே தெரியும் முத்திரைகளும் அதோடு தேய்ந்துபோகும். எண்பது ஆண்டு உழைத்த பொருளில் சிறு கீறல்கள் இருப்பது நேர்மையான அடையாளம். மென்மையான துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும். பின்மூடியில் யாருடைய பெயராவது பொறித்திருந்தாலும் தேய்த்து எடுக்காதீர்கள். தேய்த்த மூடி மெலிந்து பள்ளமாகத் தெரியும்.

தங்கம்தானா என்று சோதிக்க ஆசாரி உரைகல்லை எடுத்தால் தடுத்துவிடுங்கள். அவர் மேல் தவறில்லை; நகையை அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் உரசிய தடம் கூட்டில் என்றைக்கும் நிற்கும். காரட் பார்க்கும் எக்ஸ்-ரே இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில் காட்டினால் சேதமில்லாமல் தெரிந்துவிடும். பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது. சுவிஸ் 18 காரட் கூடுகளின் பின்மூடிக்கு உள்ளே, சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வெட்டியா பெண்ணின் தலை முத்திரை இருக்கும். 1995க்கு முன் இதுதான் வழக்கம். அதனுடன் ஜெனீவாவில் கூடு செய்த பட்டறையைக் குறிக்கும் சாவி வடிவமும் அதற்குள் ஓர் எண்ணும் பல வாட்சுகளில் காணலாம்.

நகைக்கடையில் இன்னொன்று சொல்வார்கள்: "இதில் பிஐஎஸ் ஹால்மார்க் இல்லையே, எப்படி வாங்குவது?" தங்க வாட்சுகளுக்கும் பேனாக்களுக்கும் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. லேசரில் முத்திரை போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நல்ல கூட்டுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

விற்கும் முன் சர்வீஸ் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும் வாட்சை அப்படியே விடுங்கள். டைம்கிராஃபர் கருவியில் வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது, சமநிலைச் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது என்ற அளவைப் படமெடுத்து வாங்குபவருக்குக் கொடுங்கள். சர்வீஸ் அவர் விருப்பப்படி அவர் நம்பும் ஆளிடம் நடக்கட்டும். அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்துக்கு அனுப்பினால் டயலையும் முட்களையும் புதுப்பிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று எழுத்தில் கொடுக்காமல் அனுப்பக் கூடாது.

காகிதங்கள்

பாடெக் பிலிப் தன் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிறது. இயந்திர எண்ணும் கூட்டு எண்ணும் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வாட்ச் எந்த ஆண்டு தயாரானது, எந்தத் தேதியில் விற்பனையானது, எந்த வகைக் கூடு, எந்த வகை டயல் என்பதைத் தாங்கிய ஒரு பதிவேட்டுச் சான்று தருவார்கள். முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். வாட்சை நேரில் பார்க்காமல் கொடுப்பது என்பதால், உங்கள் கையிலிருக்கும் வாட்ச் அசலானதுதான் என்ற உத்தரவாதமாகவும் அதை எண்ணக் கூடாது. ஆனால் இயந்திரமும் கூடும் பிறப்பிலேயே ஒரே ஜோடி என்று அது காட்டிவிடும். அது ஒன்றே போதும். என்னுடையது 1945இல் தயாராகி, போர் முடிந்த பிறகு 1947இல் விற்பனையானது என்று வந்தது. இரண்டு ஆண்டு இடைவெளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். செய்து வைத்த வாட்ச் விற்கக் காத்திருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம்.

எண்களைப் பார்க்கப் பின்மூடியை நீங்களே கத்தியால் நெம்பாதீர்கள். பழக்கமுள்ளவர் திறக்கட்டும், திறந்தவுடன் எல்லாப் படங்களையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். இயந்திரத்தின் முழுப்படம், எண், 18 கற்கள் என்ற பொறிப்பு, மூடியின் உட்புறம், அங்கே பழைய ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறிவிட்டுப் போன தேதிகள். அந்தக் கிறுக்கல்களை அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். எந்த ஆண்டில் யார் கை பட்டது என்பதற்கு அவைதான் சாட்சி.

வாங்கிய ரசீது, பழைய சர்வீஸ் பில், முதல் சொந்தக்காரர் அதைக் கட்டியிருக்கும் புகைப்படம், எது இருந்தாலும் தேடி எடுங்கள். கோவைக் குடும்பத்தில் மூத்த மகன் எழுதிக் கொடுத்த அரைப் பக்கக் கடிதம் என்னிடம் இருந்தது: அப்பாவின் வாட்ச் இது, இன்ன தேதியில் இவருக்கு விற்கிறோம் என்று. விலை பேசும்போது அந்தக் கடிதத்துக்கு இருந்த மரியாதையை நேரில் பார்த்தேன். பரம்பரையாக உங்களுக்கு வந்த வாட்ச் என்றால், உடன்பிறந்தவர்கள் அனைவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கிய பிறகே விற்பனையைத் தொடங்குங்கள். அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி விற்றார் என்ற வழக்கில் மாட்டிய வாட்சை எந்த ஏல நிறுவனமும் தொடாது.

விலை

இணையத்தில் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. குரோனோ24 போன்ற தளங்களில் நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. விற்ற விலைக்கு ஃபிலிப்ஸ், கிறிஸ்டீஸ், சதபீஸ், ஆன்டிகோரம் ஆகிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைப் பாருங்கள். எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் வாட்சுக்கு மிக நெருக்கமானதைத் தேடுங்கள்: அதே உலோகம், அதே காலம், அதே வகை டயல். வெள்ளைத் தங்கத்துக்கோ பிளாட்டினத்துக்கோ வந்த விலையை மஞ்சள் தங்கத்துக்கு எதிர்பார்க்க முடியாது. டயலில் கடையின் பெயரும் சேர்ந்திருந்தால், உதாரணமாக அண்ணா சாலை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடையின் பெயர் மூலத்திலேயே எழுதப்பட்டிருந்தால், தனி மதிப்பு உண்டு.

அந்த முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள். ஏல நிறுவனம் வெளியிடும் தொகையில் வாங்குபவர் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும். சுத்தியல் 10,000 பிராங்கில் விழுந்து, வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் 12,500 என்று வரும். விற்றவரிடம் 10 சதவீதக் கழிவு பிடித்தால் அவர் கைக்கு வருவது 9,000. அதிலும் காப்பீடு, படம் எடுத்த செலவு என்று கழியலாம். கழிவு விகிதம் பேரம் பேசக்கூடியது. கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். குறைந்தபட்ச விலையையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

யாரிடம் விற்பது

அடகுக் கடை, நகைக்கடை இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய வாட்ச் வியாபாரி உடனே பணம் கொடுப்பார். அவருடைய லாபத்தை உங்கள் விலையிலிருந்து எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட. ஏலம் நல்ல வழி, ஆனால் பொறுமை வேண்டும். ஜெனீவாவின் பெரிய வாட்ச் ஏலங்கள் மே மாதத்திலும் நவம்பரிலும் நடக்கின்றன. வாட்சைக் கொடுப்பதற்கும் பணம் வருவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும். இந்தியாவிலிருந்து அனுப்பும்போது சுங்க முகவர் ஒருவரின் உதவி இல்லாமல் இறங்காதீர்கள். முதலை, அலிகேட்டர் தோல் வாரைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வனவிலங்கு அனுமதி இல்லாமல் அது எல்லை தாண்டினால் சுங்கத்தில் சிக்கும். தங்க பக்கிளை மட்டும் கழற்றி உடன் வையுங்கள். மூல பக்கிள் தனியாகவே விலை போகும். நூறு வயது கடந்த கடிகாரம் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். 1940களின் வாட்சுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

என் தேர்வு, நேரடியாக ஒரு சேகரிப்பாளரிடம் விற்பது. நல்ல டயலும் முழுக் காகிதங்களும் இருந்தால் இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. வட்டம் சிறியது, ஒருவரையொருவர் விசாரித்துவிடலாம். பெங்களூரு மருத்துவர் ஒருவர் ஆர்வம் காட்டினார். முதல் கேள்வியே, "சார், எழுத்தைச் சாய்த்து எடுத்த படம் இருக்கிறதா?" என்பதுதான். சரியான ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. "கடைசி விலை என்ன?" என்று தொடங்குபவர்களுக்கு நான் பணிவாக ஒரே பதில் வைத்திருந்தேன்: "நேரில் வந்து பாருங்கள் ஐயா, பிறகு பேசுவோம்." முக்கால்வாசிப் பேர் வரமாட்டார்கள். வருபவர்தான் வாங்குபவர்.

விளம்பரத்தில் குறைகளை முதலில் எழுதுங்கள். நான்கு மணிப் புள்ளி, கண்ணாடி பின்னாளில் மாற்றியது, வார் புதியது என்று மூன்றையும் மேலேயே எழுதினேன். குறையைப் படித்துவிட்டு வருபவர் நேரில் அதைக் காட்டி விலை குறைக்கமாட்டார். படங்களைச் சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில் எடுங்கள். செல்பேசியின் அழகூட்டும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். டயலின் நிறம் மாறிவிட்டால் நேரில் பார்க்கும்போது சந்தேகம் வரும்.

பணம் கைமாறும் நாள்

வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். உங்கள் வங்கிக் கிளையில் சந்தியுங்கள். லாக்கர் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நபரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும், அதுவும் வாங்கியவர் மேல். ஆர்டிஜிஎஸ் மூலம் பணம் வந்து, உங்கள் கணக்கில் ஏறியதைக் கிளையிலேயே உறுதி செய்த பிறகு வாட்சைக் கொடுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். கூரியரில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பல கூரியர் நிறுவனங்களின் விதிகளில் தங்கமும் நகையும் ஏற்கப்படாத பொருள்கள்.

தங்க வாட்ச் சொந்த உபயோகப் பொருளாகக் கருதப்படுமா, தங்க ஆபரணமாகக் கருதி மூலதன ஆதாய வரி வருமா என்பதை விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆபரணக் கணக்கில் வந்தால், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததற்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். வாங்கிய ரசீது அங்கேயும் கைகொடுக்கும்.

ரசீதை இரண்டு பிரதிகளாக எழுதுங்கள். இயந்திர எண், கூட்டு எண், தொகை, பணம் வந்த பரிவர்த்தனை எண், சொன்ன குறைகள், இருவர் கையெழுத்து. என் ரசீதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: டயல் மூலமானதல்ல என்று தகுதியுள்ள ஒருவர் முப்பது நாள்களுக்குள் எழுத்தில் சொன்னால், வாட்சைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தருவேன். மருத்துவர் அந்த வரியைப் படித்த பிறகு விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பாயின் கடை முகவரியையும் அதே தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சர்வீஸுக்கு அவருக்கு அது தேவைப்படும்.